பாமினியை யுனிகோட் ஆக்கும் செருகுநிரல்: நியம நூலகம் மட்டும் போதுமா?

கேள்வி: கிளிநொச்சியில் தட்டச்சும் போட்டோக்கொப்பியும் செய்து கொடுக்கும் ஒரு கடையில் வேலை செய்கிறேன். கமக்காரர் அமைப்பு ஒன்று தனது பழைய கூட்ட அறிக்கைகளைக் கொண்டுவந்து தந்திருக்கிறது. எல்லாமே பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் உள்ளவை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யுனிகோட்டுக்கு மாற்றித் தரும்படி கேட்கிறார்கள். விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டருக்கு ஒரு செருகுநிரல் (எடிட்டரில் புதிய வேலையொன்றைச் சேர்க்கின்ற சிறு நிரல்) எழுதிவிட்டால் வேலை சுலபமாகும் என்று நினைக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரியும். ஆனால் கணினி வகுப்பு நடத்தும் ஒருவர், நியம நூலகத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது, பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்களான பொதிகள் பத்துப் பதினைந்து இறக்க வேண்டும், 40,000 ரூபா தந்தால் தானே செய்து தருவதாகச் சொல்கிறார். உண்மையிலேயே அவ்வளவு தேவையா? எழுத்துகளை எண்ணிச் சொல்லவும் வேண்டும். நான் எழுதிப் பார்த்ததில் ‘கிளிநொச்சி’ என்ற சொல்லுக்கு 10 எழுத்து என்று வருகிறது. எங்கே பிழை விட்டேன்?

பதில்: தேவையில்லை, தங்கச்சி. நீங்கள் சொன்ன வேலைக்குள் வெளியார் எழுதிய ஒரு பொதிகூட வர வேண்டியதில்லை. 40,000 ரூபாவைச் சேமிப்பிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய அனைத்தும் நீங்கள் ஏற்கெனவே நிறுவி வைத்திருக்கும் எடிட்டருக்குள்ளேயே இருக்கின்றன.

நியம நூலகம் என்பது ஒரு நிரல்மொழியுடன் சேர்ந்தே வருகின்ற, தனியாக இறக்கவோ வாங்கவோ தேவையில்லாத கருவிகளின் தொகுதி. உங்கள் விடயத்தில் அது மூன்று இடங்களில் இருக்கிறது. சரங்களைத் தேடவும் மாற்றவும் அட்டவணைகளை வைத்திருக்கவும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியே தருகின்ற கருவிகள் ஒரு பக்கம். கோப்புகளை வாசிக்கவும் எழுதவும், ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓடவிடுகின்ற நோட் ஜேஎஸ் தருகின்றவை இன்னொரு பக்கம். தெரிவு செய்த பகுதியை எடுக்கவும் அதைத் திருத்தவும் எடிட்டர் திறந்து தருகின்ற இடைமுகம் மூன்றாவது. இந்த மூன்றாவதை நியம நூலகம் என்று இலக்கணப்படி சொல்ல முடியாதென்றாலும், செருகுநிரல் எழுதுபவருக்கு அதுவும் கையோடு வருவதுதான். அதற்காகத் தரவுக் கட்டணம் கட்டி எதையும் இறக்க வேண்டியதில்லை.

அந்த வகுப்பாசிரியரின் கூற்றுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடிட்டரின் அதிகாரபூர்வ வழிகாட்டி, முதற்பாடத்திலேயே ஒரு வார்ப்புருக் கருவியை ஓடவிடும்படி சொல்கிறது. அந்தக் கருவி டைப்ஸ்கிரிப்ட், பிழை சுட்டும் கருவி, சோதனைக் கருவி என்று ஒரு பெரிய அடைவை நிறையப் பொதிகளால் நிரப்பிவிடும். அதைப் பார்ப்பவர்கள், பொதிகள் இல்லாமல் செருகுநிரலே இல்லை என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவை எல்லாம் எழுதுபவரின் வசதிக்கானவை. சாதாரண ஜாவாஸ்கிரிப்டில் எழுதுவதானால் இரண்டே கோப்புகள் போதும்: செருகுநிரலின் பெயரையும் கட்டளையையும் எடிட்டருக்கு அறிவிக்கின்ற ஒரு ஜேசன் கோப்பு, வேலையைச் செய்கின்ற ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. இரண்டையும் ஒரே அடைவில் வைத்து, அந்த அடைவை எடிட்டரில் திறந்து, எஃப்5 விசையை அழுத்தி, எடிட்டர் கேட்டால் செருகுநிரல் மேம்பாடு என்ற தெரிவைக் கொடுத்தால், உங்கள் செருகுநிரல் இயங்குகின்ற ஒரு புதிய சோதனைச் சாளரம் திறக்கும்.

ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் நடக்க வேண்டியதும் சிக்கலானதல்ல. கட்டளையைப் பதிவு செய்ய வேண்டும். தெரிவு செய்த பகுதியின் உரையை வாங்க வேண்டும். அதை நீங்கள் எழுதிய மாற்றற் செயற்கூற்றுக்குக் கொடுக்க வேண்டும். திரும்பி வருவதை அதே இடத்தில் வைக்க வேண்டும். திரும்ப வைப்பதை எழுத்துக்கு எழுத்தாகச் செய்யாமல் ஒரே திருத்தமாகச் செய்யுங்கள். அப்போதுதான் ஏதாவது பிழைத்தால் கொன்ட்ரோல் இசட் ஒருமுறை அழுத்தியதும் முழுப்பகுதியும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இனி எண்ணிக்கை. நீங்கள் பிழை எதுவும் விடவில்லை. கணினி எண்ணியது எழுத்துகளை அல்ல. யுனிகோட்டில் ‘கி’ என்பது ககரமும் விசிறியுமாக இரண்டு குறியீடுகள். ‘கிளிநொச்சி’ என்பதில் க, விசிறி, ள, விசிறி, ந, ஒகரக்குறி, ச, புள்ளி, ச, விசிறி என்று 10 குறியீடுகள் இருக்கின்றன. சரத்தின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அதைத்தான் சொல்லும். நாம் எண்ணுகின்ற கி, ளி, நொ, ச், சி என்ற 5 எழுத்துகள் வேண்டுமென்றால், அதே மொழியின் பன்மொழிப் பிரிவில் ‘செக்மென்டர்’ என்றொரு கருவி இருக்கிறது. அதற்கு ‘கிராஃபீம்’ என்ற அளவைக் கொடுத்தால் சரியாக 5 துண்டுகளாகப் பிரித்துத் தரும். எண்ணுவதற்கு முன் சரத்தை ‘நோர்மலைஸ்’ என்ற கட்டளையால் ஒருமுறை ஒழுங்குபடுத்திவிடுங்கள். ‘நொ’ என்பதைச் சிலர் ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து எழுதியிருப்பார்கள். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஆனால் தேடும்போது அகப்படாது. அந்தக் கட்டளை இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இதுவும் மொழியோடு வருவதுதான்.

மாற்றும் வேலையில்தான் உங்கள் நேரம் போகும். பாமினியில் உள்ள கோப்பு கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துகளாலான கோப்பு. ‘தமிழ்’ என்று நீங்கள் பார்ப்பது உள்ளே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கிறது. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தைப் போர்த்தியிருக்கிறது. ஆகவே உங்களுக்குத் தேவை ஓர் அட்டவணை. அதற்கு ஜாவாஸ்கிரிப்டின் ‘மேப்’ என்ற அமைப்பு போதுமானது. ஆனால் அட்டவணையை எடுத்து ஒவ்வொரு வரியாகத் தேடு, மாற்று என்று ஓடவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளி விசை இகரம். காற்புள்ளி வேண்டுமென்றால் ‘பெரிது’ என்ற கணிதக் குறியைத் தட்ட வேண்டும். முதலில் பெரிது குறிகளைக் காற்புள்ளியாக்கி, அடுத்த வரியில் காற்புள்ளிகளை இகரமாக்கினால், அறிக்கையில் இருந்த காற்புள்ளி எல்லாம் இகரமாகிவிடும். அதேபோல் ‘கூட்டம்’ என்ற சொல்லின் முதலெழுத்து பாமினியில் டொலர் குறி. தேடல் கோவைகளில் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) டொலர் குறிக்கு ‘முடிவு’ என்று வேறொரு பொருள் இருப்பதால், அதை அப்படியே தேடச் சொன்னால் கூட்ட அறிக்கையின் தலைப்பிலேயே உங்கள் நிரல் தடுமாறும்.

இவற்றுக்கு ஒரே வழி, உரையை இடமிருந்து வலமாக ஒரே தடவையில் வாசித்துச் செல்வது. ஒவ்வோர் இடத்திலும் அட்டவணையில் உள்ள மிக நீளமான பொருத்தத்தை முதலில் பார்க்க வேண்டும்; இல்லையென்றால் அதைவிடக் குறுகியதைப் பார்க்க வேண்டும். பாமினியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தட்டப்படுகிறது. யுனிகோட்டில் எழுத்துக்குப் பின்னால் வைக்கப்படுகிறது. கொம்பு, ககரம், கால் என்று மூன்றும் சேர்ந்து வந்தால் ‘கொ’. கொம்பும் ககரமும் மட்டும் வந்தால் ‘கெ’. மூன்றை முதலில் பார்க்காவிட்டால் கால் தனியே தொங்கிக்கொண்டு நிற்கும்.

இப்போது, எந்தப் பொதியும் உங்களுக்காகத் தீர்த்துத் தராத ஒரு சிக்கலுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், ஏனென்றால் நம்முடைய இணையத்தளங்கள் பலவற்றில் இன்றும் இந்தப் பிழை கண்ணைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பாமினியில் ஔகாரக் குறிக்கென்று தனி விசை கிடையாது. கொம்பு, எழுத்து, ளகரம் என்று தட்டினால் அது பார்வைக்கு ஔகாரமாகத் தெரியும். அதாவது ‘கௌரவம்’ என்ற சொல்லின் முதலெழுத்தில் வருகின்ற அந்த ‘ள’ வடிவமும், ‘வெளி’ என்ற சொல்லில் வருகின்ற உண்மையான ளகரமும் ஒரே விசை, அதாவது சிறிய எஸ். ‘வெளி’ என்பது உள்ளே என், டீ, எஸ், பீ என்ற நான்கு குறிகள். நான் மேலே சொன்னபடி நீளமான பொருத்தத்தை முதலில் பார்க்கின்ற நிரல், முதல் மூன்றையும் சேர்த்து ‘வௌ’ என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் விசிறியைக் கொண்டுபோய் அதன் பின்னால் ஒட்டிவிடும். விளைவு ‘வௌி’. ‘வௌிநாடு’, ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’ என்று நீங்கள் எத்தனை இடங்களில் பார்த்திருப்பீர்கள்! மழைக்காலத்தில் குளத்து வான்கதவுகள் திறக்கப்படும்போது வருகின்ற அறிவித்தல்களில்கூட வெள்ளம் என்ற சொல் இப்படி உடைந்து கிடக்கிறது. தேடுபொறியில் ‘வெள்ளம்’ என்று தேடுபவருக்கு அந்த அறிவித்தல் அகப்படாமல் போகலாம்.

தீர்வு உங்கள் கையில் இருக்கிறது. கொம்பும் எழுத்தும் வந்தபின் ளகர விசை வந்தால், உடனே ஔகாரம் என்று முடிவெடுக்காமல் அதற்கு அடுத்த குறியைப் பாருங்கள். அது புள்ளியாகவோ, விசிறியாகவோ, சுழித்த விசிறியாகவோ, காலாகவோ இருந்தால் அந்த ளகரம் உண்மையான ளகரம். ஏனென்றால் ஔகாரத்தின் பின்னால் இந்தக் குறிகள் வர முடியாது. ஆகவே ‘வெள்ளம்’, ‘வெளி’, ‘தெளி’, ‘வெள்ளை’ எல்லாம் பிழைத்துக்கொள்ளும். வேறு எதுவாக இருந்தாலும் ஔகாரம் என்று கொள்ளுங்கள். ‘கௌரவம்’, ‘சௌகரியம்’, ‘மௌனம்’, ‘வௌவால்’ எல்லாம் அப்படித்தான் வரும். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஓர் அடுத்த குறியைப் பார்ப்பதற்கு எந்த நூலகமும் வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையை எழுதாத மாற்றிகள்தான் காசுக்கு விற்கப்படுகின்றன.

நான் இதை அனுபவத்தில்தான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு சங்கத்தின் கணினியைப் பார்க்கச் சென்றேன். ஓர் இடைத்தரகர் அவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு ‘விசேட’ செருகுநிரல் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தார். ஒரு வருடம் வேலை செய்த அது ஒருநாள் நின்றுவிட்டது. புதுப்பிக்க மீண்டும் பணம் வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அடைவைத் திறந்து பார்த்தேன். இடைவெளிகளையும் பெயர்களையும் எல்லாம் எடுத்துவிட்டு ஒரே நீண்ட வரியாகச் சுருக்கப்பட்ட நிரல். அதற்குள் திகதியைப் பார்த்து நிறுத்துகின்ற ஒரு நிபந்தனை. மிச்சம் எல்லாம் இணையத்தில் எவரும் இலவசமாக எடுக்கக்கூடிய ஓர் அட்டவணை. அந்த ஒரு வருட அறிக்கைகள் முழுவதிலும் ‘வெளிக்கள உத்தியோகத்தர்’ என்பது ‘வௌிக்கள உத்தியோகத்தர்’ என்றே இருந்தது. செயலாளர் ஐயா வயதானவர். கணினி சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையெழுத்து வைத்திருந்தார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆகவே யாரிடமாவது செய்விக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தாலும், நிரலைத் திறந்து வாசிக்கக்கூடிய வடிவில் தரச் சொல்லுங்கள், அட்டவணையைத் தனிக் கோப்பாகக் கேளுங்கள், மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். இந்த எடிட்டரில் செருகுநிரலுக்குத் தனிக் கட்டுக்காவல் கிடையாது. எடிட்டருக்கு உள்ள அனுமதி அனைத்தும் அதற்கும் உண்டு. உங்கள் கணினியில் உள்ள எந்தக் கோப்பையும் அது வாசிக்கலாம், இணையம் இருந்தால் வெளியே அனுப்பலாம். கமக்காரர் அமைப்பின் அறிக்கைகளில் அங்கத்தவர்களின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் இருக்கும். அதே காரணத்தால், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் இணையப் பக்கங்களிலும் அவற்றைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

வெளிப்பொதிகளிலும் இதே ஆபத்து உண்டு. 2016 மார்ச்சில், சரத்தின் இடப்பக்கத்தை வெற்றிடங்களால் நிரப்புகின்ற 11 வரிப் பொதி ஒன்றை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். லெஃப்ட்பேட் என்று பெயர். அதை நேரடியாகவும் மறைமுகமாகவும் நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்கள் உலகெங்கும் நிறுவ முடியாமல் நின்றன. அந்த வேலையைச் செய்கின்ற கட்டளை இப்போது ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள்ளேயே இருக்கிறது. 2018இல் ஈவென்ட் ஸ்ட்ரீம் என்ற, பலரும் பயன்படுத்திய பொதியின் பராமரிப்பைப் பெற்றுக்கொண்ட ஒருவர், அதன் வழியே பிட்கொயின் பணப்பைகளைத் திருடுகின்ற நிரலைச் சேர்த்துவிட்டார். பத்துப் பதினைந்து பொதிகள் என்று உங்கள் வகுப்பாசிரியர் இலகுவாகச் சொல்கிறார். அவை ஒவ்வொன்றும் வேறு பல பொதிகளை இழுத்துவரும், அவற்றை எழுதியவர்களை அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. கைத்தொலைபேசியின் டேட்டாவில் வேலை செய்கின்ற உங்களைப்போன்றவர்களுக்கு அவற்றை இறக்குவதே தனிச் செலவு.

இந்த இடைத்தரகர்கள் பிழைப்பதற்குக் காரணம் அவர்களின் கெட்டித்தனம் அல்ல. யுனிகோட்டின் 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அலுவலகத்திலிருந்து வரும் படிவம் பாமினியில் வருகிறது, பாமினியிலேயே நிரப்பித் தா என்று திருப்பி அனுப்புகிறார்கள், அதே அலுவலகத்தின் இன்னொரு மேசை யுனிகோட்டில் கொண்டுவா என்று சொல்கிறது. இரண்டு மேசைகளுக்கும் இடையில் அலைகின்ற கமக்காரரின் பணம்தான் மாற்றி விற்பவரின் பையில் விழுகிறது. ஒரு சுற்றறிக்கையால் என்றோ தீர்ந்திருக்க வேண்டிய விடயம் இது. எடிட்டரின் கையேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் ஆங்கிலத்தில் இருக்கின்றன. சான்றிதழுக்காகப் பல மாதங்கள் நடத்தப்படும் வகுப்புகளில் அவற்றில் ஒரு பக்கத்தையேனும் பிள்ளைகளோடு சேர்ந்திருந்து வாசித்துக் காட்டுகிறவர்கள் குறைவு.

உங்கள் அறிக்கைகளுக்கே உரிய ஒரு பொறியையும் கவனியுங்கள். வேர்ட் கோப்பிலிருந்து உரையை எடிட்டருக்குள் ஒட்டும்போது எழுத்துரு பற்றிய தகவல் போய்விடும். அதன்பின் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் என்று நிரலுக்குத் தெரியாது. அறிக்கையில் ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் ‘பம்ப்’ என்று எழுதியிருந்தால் அது ‘ிரஅி’ என்று மாறிவிடும். ஆங்கில எழுத்துருவில் தட்டிய தொகை, அதாவது வாய்க்கால் துப்புரவுக்குக் கொடுத்த 12,500 ரூபா, ‘12இ500’ ஆகிவிடும். இரண்டாவதற்கு விதி எழுதலாம்: இரண்டு இலக்கங்களுக்கு நடுவே நிற்கும் காற்புள்ளியைத் தொட வேண்டாம். முதலாவதற்கு விதி கிடையாது. ஆதலால் செருகுநிரலை முழுக்கோப்பிலும் ஓடவிடாமல், தெரிவு செய்த பகுதிகளில் மட்டும் ஓடுமாறு எழுதுங்கள். ஒரே நேரத்தில் பல பகுதிகளைத் தெரிவு செய்ய எடிட்டர் இடமளிக்கிறது. அவை அனைத்தையும் உங்கள் நிரலால் ஒரே திருத்தத்தில் மாற்றவும் முடியும்.

சோதிப்பதற்கு நோட் ஜேஎஸ்ஸுடன் வருகின்ற ‘அசேர்ட்’ போதும். கூட்டம், கொடுப்பனவு, வெளி, வெள்ளம், கௌரவம், 12,500 ஆகியவற்றின் பாமினி வடிவங்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, நிரலைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அவை சரியாக மாறுகின்றனவா என்று பாருங்கள்.

வேலை முடிந்தபின் பக்கத்துக் கடைக்கும் கொடுக்க விரும்பினால், செருகுநிரலை ஒரே கோப்பாகப் பொதிகட்டுகின்ற கருவி ஒன்றையும், அதை ஓடவிடுவதற்கு நோட் ஜேஎஸ்ஸைத் தனியாகவும் இறக்க வேண்டியிருக்கும். இரண்டும் இலவசம், அவை உங்கள் செருகுநிரலுக்குள் சேர்வதில்லை. அந்தக் கோப்பைப் பென்ட்ரைவில் கொண்டுபோய், இணையம் இல்லாத கணினியிலும் நிறுவலாம். எடிட்டரின் பொதுச் சந்தையில் வெளியிட விரும்பினால், அதற்கான கணக்கைத் திறப்பதற்கும் கட்டணம் இல்லை. ‘பதிவுக் கட்டணம்’ என்று எவராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கமக்காரர் அமைப்பு தந்த மூலக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு பிரதிகளில் மட்டும் வேலை செய்யுங்கள். முதல் அறிக்கையை மாற்றியதும் இரண்டு வடிவங்களையும் அச்செடுத்து, செயலாளரைப் பக்கத்தில் இருத்தி, ளகரம் வருகின்ற சொற்களையும் தொகைகளையும் விரல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒன்று சரியாக வந்தபின் மற்றவற்றைத் தொடங்கலாம்.